ஃபூபார்2000: பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கான பிளேயர்

எங்கள் ஐயா (தாத்தா), காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு ஆண்டுதோறும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவர். சா. கணேசன் 1939-இல் தொடங்கிவைத்த அந்த விழாவில், நாட்டரசன்கோட்டையில் நடக்கும் நிறைவு நாள் வரை உட்கார்ந்து அவர் பதிவு செய்த சொற்பொழிவுகளும், வானொலியிலிருந்து பிடித்து வைத்த நாகசுவரக் கச்சேரிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்ட கேசட்டுகள், கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாங்கட்டில் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவற்றில் பெரும்பகுதியை ஒரு கடையில் கொடுத்து எம்.பி.3 கோப்புகளாக மாற்றி வாங்கினோம். சென்ற ஆண்டு அப்பச்சி (அப்பா) அவற்றை முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தபோதுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அவற்றைச் சரிசெய்வதற்காக நான் தேர்ந்தெடுத்த, கணினியில் ஒலிக்கோப்புகளை இயக்கும் ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளை எட்டு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது நேரக் கணக்கு. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் ஓடும். ஆனால் அதுவரை நாங்கள் பயன்படுத்திய பிளேயர் ஒரு சொற்பொழிவின் நீளத்தை மூன்று மணி நேரம் என்று காட்டியது. முப்பதாவது நிமிடத்துக்குத் தாவினால், பேச்சாளர் அவையடக்கத்தையே முடித்திராத ஏழாவது நிமிடத்தில் போய் நின்றது. கோப்பு கெட்டுவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம்.

உண்மையில் ஒலிக்கு எந்தக் கேடும் வந்திருக்கவில்லை. எம்.பி.3 கோப்பு சிறு சிறு சட்டங்களாக (ஃபிரேம்களாக) அடுக்கப்பட்டது. ஒரு சட்டத்தில் 1,152 சாம்பிள்கள் (ஒலியை அளந்து எடுத்த புள்ளிகள்), அதாவது சி.டி.யின் 44,100 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறத்தாழ 26 மில்லிநொடி ஒலி அடங்கும். ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்பதே பிட்ரேட். மாறும் பிட்ரேட் (விபிஆர்) முறையில், அமைதியான இடங்களுக்குக் குறைந்த பிட்ரேட்டும் செறிவான இடங்களுக்கு அதிக பிட்ரேட்டும் ஒதுக்கப்படும். மொத்தம் எத்தனை சட்டங்கள் என்ற குறிப்பைக் கோப்பின் முகப்பிலேயே எழுதிவைப்பது வழக்கம். எங்கள் கோப்புகளில் அந்தக் குறிப்பு இல்லை. குறிப்பு இல்லாத நிலையில் சில பிளேயர்கள் முதல் சட்டத்தின் பிட்ரேட்டை வைத்தே முழு நீளத்தையும் மதிப்பிட்டுவிடுகின்றன. பேச்சு தொடங்குமுன் இருந்த அமைதி 32 கிலோபிட்டில் பதிவாகியிருந்தது. கோப்பின் சராசரியோ 128. நான்கில் ஒரு பங்கு என்று கணக்கிட்டதால் நீளம் நான்கு மடங்காகி, 45 நிமிடம் மூன்று மணி நேரமாயிற்று.

ஃபூபாரில் கோப்பை வலது கிளிக் செய்து, யுடிலிட்டீஸ் என்ற பட்டியலில் 'ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெடர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், விடுபட்ட முகப்புக் குறிப்பை அது எழுதிவிடுகிறது. ஒலித் தரவை அது மீண்டும் சுருக்குவதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமானது. நூற்றைம்பது கோப்புகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, படி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுதுக்குள் முடித்துவிட்டேன்.

இந்த வழி தெரிவதற்கு முன் வேறொரு கடையில் கேட்டபோது, எல்லாவற்றையும் 320 கிலோபிட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, சோதனைக்குப் பத்துக் கோப்புகளை மாற்றியும் கொடுத்தார்கள். நேரம் சரியாகத்தான் காட்டியது. ஆனால் கோப்பு இரண்டரை மடங்கு பெருத்தது; ஒலியோ முன்பைவிட மங்கியது. சுருக்கும்போது ஒருமுறை தூக்கி எறியப்பட்ட நுணுக்கம், பிட்ரேட்டை உயர்த்துவதால் திரும்பி வராது. மறுபடி சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மெல்லிய இரைச்சல் கசிவதை அந்தக் கோப்புகளில் தெளிவாகக் கேட்டேன். பழைய பதிவுகளை வைத்திருக்கும் நண்பர்கள், யார் சொன்னாலும் மூலக் கோப்புகளை மறுசுருக்கம் செய்யக் கொடுத்துவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை கர்நாடக இசை சி.டி.க்களிலிருந்து நாங்களே எடுத்த கோப்புகளில் இருந்தது. ராக ஆலாபனை ஒரு தடமாகவும் கிருதி அடுத்த தடமாகவும் இருக்கும். கச்சேரியில் இரண்டுக்கும் நடுவே தம்புரா நிற்பதே இல்லை. பழைய பிளேயரில் ஆலாபனை முடிந்ததும் தம்புரா அறுந்து, ஒரு நொடி வெறுமைக்குப் பின் மீண்டும் ஒலித்தது. எம்.பி.3 முழுச் சட்டங்களாகவே நிறைய வேண்டியிருப்பதால், சுருக்கும் மென்பொருள் தொடக்கத்திலும் இறுதியிலும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடுகிறது; போதாக்குறைக்கு அந்தப் பிளேயர் அடுத்த கோப்பைத் திறக்கவும் நேரம் எடுத்துக்கொண்டது. லேம் என்ற மென்பொருளால் சுருக்கினால், எவ்வளவு மௌனம் சேர்க்கப்பட்டது என்பது கோப்பிலேயே பதிவாகும். ஃபூபார் அதைப் படித்து, சேர்ந்த அளவைச் சரியாக வெட்டிவிட்டு அடுத்த தடத்தை இணைக்கிறது. வளவில் (வீட்டின் நடுமுற்றக் கூடத்தில்) ஒலிபெருக்கியை வைத்து முதல்முறை இப்படிக் கேட்டபோது, அப்பச்சி ஊஞ்சலை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தார்.

ஒலி அளவு ஏற்ற இறக்கமும் எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் கண்ணாடிபோல் பூசிய சுவர்களும் ஒலியை எதிரொலிக்கும். மெலிந்த பேச்சை அடுத்து இரைச்சலான பாட்டு வந்தால் வீடே அதிரும். ஃபூபாரிலுள்ள ரீப்ளேகெயின் வசதி ஒவ்வொரு கோப்பின் உரப்பையும் அளந்து, திருத்த வேண்டிய அளவை மட்டும் குறிப்பாக எழுதிவைக்கிறது. கச்சேரிகளுக்கு, முழுக் கச்சேரிக்கும் ஒரே திருத்தத்தைத் தரும் ஆல்பம் முறையையே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் மெதுவாகப் பாடிய விருத்தமும் தனியாவர்த்தனமும் ஒரே உரப்பில் வந்து நிற்கும்.

பாட்டுப் பெயர்களைப் பொறுத்தவரை, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் பொதுவாகப் பிளேயர்களில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. பல கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் எழுத முடிவது மட்டும் ஆறுதல்.

பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த மென்பொருள் விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் தோற்றம் வெறும் பட்டியலும் பொத்தான்களுமாகத்தான் இருக்கும். அமைப்புப் பக்கங்கள் ஏராளம், அதனால் பெரியவர்களுக்கு யாராவது ஒருமுறை உடன் இருந்து அமைத்துக் கொடுக்க வேண்டும். மற்றப் பிளேயர்களைவிட இது இனிமையாக ஒலிக்குமா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்று அதன் தளமே நேர்மையாகப் பதில் சொல்கிறது. நாலைந்து பாட்டும் வீடியோவும் எப்போதாவது திறப்பவர்களுக்கு வி.எல்.சி. என்ற இலவசப் பிளேயர் போதும், எங்கள் கணினியிலும் அது இருக்கிறது.

பதினோரு கோப்புகளை மட்டும் இதனாலும் மீட்க முடியவில்லை. நடுவே சட்டங்களே சிதைந்திருப்பதால், ஃபூபாரின் 'ரீபில்ட்' வசதியால் சட்டங்களை மீண்டும் அடுக்கிய பிறகும் பேச்சு இடையிடையே விட்டுப்போகிறது. அந்தப் பதினோரு கேசட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். நாடாவைப் படிக்கும் தலை (ஹெட்) தேயாத கேசட் டெக் ஒன்று கிடைத்ததும், இம்முறை எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவத்தில் நானே பதிவு செய்வதாக அப்பச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.