ஹோண்டா ஜிஎக்ஸ்35: கயிறு இழுக்கச் சுகம், ஆயில் பார்க்கச் சோம்பல் கூடாது

புல் வெட்டும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் பிளேடுக்கு எத்தனை பல், கைப்பிடி எந்த மாதிரி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். எஞ்சினைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி இருக்காது. பிளேடு, பட்டை எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் சரியில்லை என்றால் கையில் இருப்பது வெறும் குழாய்தான். அதனால் இங்கே எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிரஷ் கட்டரில், அதாவது தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷினில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்35: 35.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஏறக்குறைய 1 கிலோவாட், அதாவது 1.3 குதிரைத்திறன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம், வலது தோளில் பழைய வலி. என் தோட்டத்துப் புல்லை நான்தான் வெட்டுகிறேன். வாட்டசாட்டமான ஆள் ஒருவர் "ஸ்டார்ட் ஆவது ரொம்ப சுலபம்" என்று எழுதியிருந்தால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நான் இழுத்து ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகிறது. முறையோடு செய்தால் ஆகிறது. கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் ரப்பர் குமிழை, பெட்ரோல் திரும்பிப் போகும் கண்ணாடி மாதிரியான சின்னக் குழாயில் பெட்ரோல் ஓடுவது தெரியும் வரை அமுக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் என்றால் காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட வேண்டும். பிறகு கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் கெட்டியாகப் பிடிக்கும். அங்கிருந்துதான் வெடுக்கென்று இழுக்க வேண்டும். பலர் அந்தப் பிடிமானம் வருவதற்கு முன்பே முழு பலத்தையும் செலவழித்துவிட்டு எஞ்சினைத் திட்டுகிறார்கள். இழுத்த கைப்பிடியை அப்படியே விட்டுவிடவும் கூடாது, கையோடு கொண்டுபோய் உள்ளே சேர்க்க வேண்டும். கயிறும் ஸ்பிரிங்கும் நீடிப்பது அதில்தான்.

இதற்கு முன் நான் வைத்திருந்தது டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், அந்தக் கலவைதான் பெரிய தலைவலி. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 40-க்கு 1 என்றால் 25, 25-க்கு 1 என்றால் 40. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கணக்கு. கேனைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது எந்தக் கணக்கு, யார் கலந்தது, கலந்ததா இல்லையா, எதுவும் தெரியாது. கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றிவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. ஜிஎக்ஸ்35-இல் அந்த வம்பே இல்லை, வெறும் பெட்ரோல். எத்தனால் மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. புகையும் குறைவு. வேலை முடிந்து வரும்போது சேலையில் அந்த எரிந்த ஆயில் நாற்றம் இல்லை என்பதே எனக்குப் பாதி நிம்மதி.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சாய்க்கக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பெரிய எஞ்சினுக்கு அது உண்மைதான். தண்ணீர் பம்பிலும் சின்ன உழவு மெஷினிலும் வரும் ஜிஎக்ஸ்160-ஐ 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டக் கூடாது. அடியில் கிடக்கும் ஆயிலை அள்ளித் தெளிக்கும் ஏற்பாடு அது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் காய்ந்துவிடும். ஜிஎக்ஸ்35-இல் ஏற்பாடே வேறு. தனி அறையில் இருக்கும் ஆயிலை, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் துடுப்பு அடித்து நுண்ணிய துளிகளாக ஆக்கிவிடும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையில் அழுத்தம் கூடிக் குறையும். அந்த இழுப்பிலேயே துளிகள் மேலே வால்வு வரை போய்த் திரும்பும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவதும் எஞ்சினுக்குள்ளேயே இந்த ஆயிலில் நனைந்து ஓடும் பல் பெல்ட்தான். கார்புரேட்டரும் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு இருக்கும் டயாப்ரம் வகை. அதனால் சரிவில் நின்று வெட்டினாலும், ஓரத்துக் கிளையை வெட்டப் பக்கவாட்டில் திருப்பினாலும் எஞ்சின் மூச்சு முட்டுவதில்லை.

இனி குறை. அந்த அறையில் இருக்கும் ஆயில் மொத்தமே 100 மில்லி. ஜிஎக்ஸ்160-க்கு 580 மில்லி. அதில் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும், ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் வசதியும் பல மாடல்களில் உண்டு. இந்தக் குட்டி எஞ்சினில் அந்த எச்சரிக்கை எதுவும் கிடையாது. சத்தமில்லாமல் தேய்ந்து, ஒருநாள் நின்றுவிடும். இன்னொன்று, புதிதாகப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஆயில் இருக்காது. ஊற்றிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் பையன் டூ ஸ்ட்ரோக்கில் பழகியவன். ஆயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னால், "ஓடுதுல்லக்கா, அப்புறம் என்ன?" என்பான். ஓடும், ஓடிக்கொண்டேதான் கெட்டுப்போகும். இப்போது மெஷினைச் சமமாகக் கிடத்தி, மூடியைக் கழற்றி, வாய் விளிம்பு வரை ஆயில் நிற்கிறதா என்று என்னிடம் காட்டின பிறகுதான் அவன் கையில் கொடுக்கிறேன். முதல் ஆயிலை 10 மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில். பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அது. 10டபிள்யூ-30 ரக ஆயில் போதும். அடியில் திருகிக் கழற்றும் போல்ட் கிடையாது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே, ஊற்றும் வாய் வழியாகச் சாய்த்துக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். இந்த வேலையெல்லாம் நமக்கு ஆகாது என்பவர்கள் டூ ஸ்ட்ரோக்கே வாங்கிக்கொள்ளுங்கள். கலந்த பெட்ரோல் இருக்கும் வரை அதற்கு ஆயிலும் இருக்கும். ஸ்டில் கம்பெனியின் 4-மிக்ஸ் என்று நடுவாந்தரமாக ஒன்று உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனால் கலந்த பெட்ரோலில் ஓடும், தனி ஆயில் கிடையாது. கலக்கும் வேலைக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

எடை விஷயத்தில் கம்பெனி என்ன சொன்னாலும் தோள் சொல்வதுதான் கணக்கு. எஞ்சின் மட்டும் காய்ந்த எடையில் 3.33 கிலோ. வால்வு, கேம், பெல்ட் எல்லாம் உள்ளே இருப்பதால் இதே அளவு டூ ஸ்ட்ரோக்கை விடக் கொஞ்சம் கனம்தான். தோளில் மாட்டும் பட்டையின் கொக்கியை என் உயரத்துக்குச் சரிசெய்த பிறகு கனம் இடுப்பில் இறங்கியது. டேங்க் 0.63 லிட்டர். அது தீரும் நேரமும் எனக்கு உட்கார வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது, அதனால் சின்ன டேங்க் என்று குறை சொல்ல மாட்டேன். டூ ஸ்ட்ரோக் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சீறும். இது அப்படிச் சீறாது, ஆனால் அடர்ந்த புல்லில் பிளேடு இறங்கும்போது சட்டென்று சோர்ந்துபோவதும் இல்லை. முள்புதர்தான் தினசரி வேலை என்றால் இதைவிடப் பெரிய எஞ்சினாகப் பாருங்கள்.

இதே உருவத்தில், இதே 35 சிசி என்று சொல்லி நகல் எஞ்சின்கள் வருகின்றன. தெரிந்தவர் ஒருவரின் மெஷினில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஆயில் மூடியின் மரையில் எப்போதும் கசிவு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. இது ஆபத்து. ஐடிலில் கிளட்ச் பிடிக்கவே கூடாது, பிளேடு அசையாமல் நிற்க வேண்டும். எந்த மெஷின் வாங்கினாலும் கடையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லி இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பேட்டரி மெஷின் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து இந்த மாதிரிப் புதுப் பெட்ரோல் எஞ்சின்களுக்குக் கதவடைத்துவிட்டார்கள், காற்று அந்த அளவுக்குக் கெடுகிறது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் புல்தான் என்றால் பேட்டரியே நல்லது. என் தோட்டத்துக்கு ஒரு சார்ஜ் காணாது.

பராமரிப்பு வேறு பெரிதாக இல்லை. பிளக் என்ஜிகே சிஎம்ஆர்5ஹெச், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஏர் ஃபில்டர் வெறும் ஸ்பாஞ்ச். சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காய வைத்து, நல்ல ஆயிலில் நனைத்து, பிழிந்து மாட்ட வேண்டும். அந்த ஆயில்தான் தூசியைப் பிடிக்கும். காய்ந்த ஸ்பாஞ்சை அப்படியே மாட்டினால் தூசி நேரே சிலிண்டருக்குள் போகும்.

மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் பெட்ரோலை டேங்க்கில் விட்டு வைக்காதீர்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரின் ஊசித் துளைகளில் பசையாகப் படியும். "போன சீசனில் நன்றாகத்தான் ஓடியது" என்று வரும் மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் வியாதி. டேங்க்கைக் கவிழ்த்துக் கொட்டி, ரப்பர் குமிழைச் சிலமுறை அமுக்கினால் கார்புரேட்டரில் மிச்சமிருப்பது டேங்க்குக்குத் திரும்பும், அதையும் கொட்டிவிட வேண்டும். பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்து, அந்தக் கெட்டியான இடம் வந்ததும் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் ஈரம் இறங்காது.