மொய்க் கவர் வீட்டிலேயே: கூழ்த் தாளா, அச்சா, கண்டாங்கித் துண்டா?

காரைக்குடிப் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மொய்க் கவர் கட்டுக் கட்டாகச் செலவாகும். அதை வீட்டிலேயே அழகாகச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய காகிதத்தைக் கூழாக்கித் தாள் எடுப்பது, வாங்கிய தாளில் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் பூப்போட்ட தரைக்கல் டிசைனை அச்சு வைப்பது, பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டை ஒட்டுவது. மூன்றையும் செய்து பார்த்ததில் என் ஓட்டு அச்சுக்குத்தான்.

கூழ்த் தாளின் அழகை மறுக்க முடியாது. காகிதத்தைக் கிழித்து ராத்திரி ஊறப்போட்டு, மிக்ஸியில் அடித்து, அகலமான தொட்டித் தண்ணீரில் கரைத்து, வலை அடித்த சட்டத்தால் அள்ளிப் பருத்தித் துணியில் கவிழ்க்க வேண்டும். காய்ந்ததும் ஓரம் பிசிறு பிசிறாக நிற்பது கடைத் தாளில் வராது. ஆனால் மைப்பேனா வைத்தால் எழுத்துக்கு மீசை முளைத்துவிடும். சோற்றுக் கஞ்சியை மெல்லிசாகத் தடவிக் காயவைத்தால் மை ஊறுவது அடங்கும். அப்புறம் அந்தக் கஞ்சிக்குப் பூச்சி வரும். கொஞ்சம் தடித்துவிட்டால் மடிப்பிலும் வெடிக்கும். கடிதம் எழுத, வாழ்த்து அட்டைக்குச் சரி. கவருக்கு வேண்டாம்.

அச்சுக்கு உருளைக்கிழங்கை வெட்டச் சொல்வார்கள். அது நீர் விட்டு, மறுநாளே சுருங்கிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பர்தான் நிற்கும். ஆத்தங்குடிப் பூ பெரும்பாலும் நான்கு கால்பாகமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒரு கால்பாகத்தை மட்டும் 2 செ.மீ. சதுரத்தில் செதுக்கி, ஒவ்வொரு தடவையும் கால் வட்டம் திருப்பி நான்கு முறை வைத்தால் 4 செ.மீ. பூ முழுசாகிவிடும். ஆத்தங்குடியில் இந்தக் கல்லைச் செய்யக் கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ண சிமெண்டை ஊற்றுகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பதுதான். நிறங்கள் தனித்தனி அறையில் இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று கரையாமல் தட்டையாக நிற்கும். ரப்பர் அச்சுக்கு இதைவிடத் தோதான டிசைன் வேறு எது? வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றுங்கள். பிரஷ்ஷால் தடவினால் செதுக்கிய பள்ளத்தில் தேங்கி இதழ் ஓரம் மழுங்கும். பெயர் செதுக்குவதானால் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும்.

பார்வைக்குப் பணக்காரத்தனம் கண்டாங்கிக்குத்தான். அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட துண்டைக் கவரின் மூடியில் ஒட்டினாலே போதும். பசையைத் துணியில் தடவாமல் தாளில் தடவுங்கள். துணியில் தடவினால் ஊறி வெளியே கறை தெரியும். மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கைபடும் கவருக்குக் கூடாது. நைந்த சேலையாகவே இருந்தாலும் ஆத்தாவின் சேலையில் கத்தரி வைக்க எனக்கு மனசு வருவதில்லை. மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் இந்தக் கவர்.

எந்த வழியானாலும் அளவைக் கவனியுங்கள். 500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால், ஒட்டுவதற்கு விட்ட ஓரம் போக ஏறக்குறைய 67 மி.மீ.தான் மிஞ்சும், நோட்டு சிக்கும். கவர் 17 செ.மீ.க்கு 8 செ.மீ. இருக்கட்டும். ஒரு ரூபாய்க் காசு ஒட்டும் இடத்தை முன்பே விட்டுவிட்டு அச்சு வையுங்கள். வண்ணத்தின் மேல் ஒட்டிய காசு சீக்கிரம் பெயர்ந்துவிடும்.