பின்னணி இசைக்கு லாஜிக்கா, க்யூபேஸா?

லாஜிக், க்யூபேஸ் இரண்டுமே கம்ப்யூட்டரில் இசையமைக்கிற மென்பொருள்கள். பாட்டு போடுவதற்கு எது நல்லது என்று நான் பேசப்போவதில்லை. பாட்டுக்கு இரண்டுமே போதும், எஃப்.எல். ஸ்டுடியோவும் போதும். இங்கே பேச்சு, படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு அதற்கு வாசிக்கிற வேலையைப் பற்றி மட்டும்: குறும்படம், வெப் சீரிஸ், விளம்பரம், எப்போதாவது ஒரு முழு நீளப் படம். லாஜிக்கில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு க்யூபேஸுக்கு மாறியவன் நான். அதனால் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். ரஹ்மான் லாஜிக் பயன்படுத்தியவர், ஹான்ஸ் ஸிம்மர் க்யூபேஸ்காரர். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவர்களுக்கு ப்ராஜெக்டைத் தயார் செய்து வைக்கவே தனி ஆட்கள் உண்டு. விலையில் லாஜிக்கை அடிக்க முடியாது. ஒரு முறை 200 டாலர், 2013-ல் லாஜிக் ப்ரோ எக்ஸ் வந்த நாளிலிருந்து அப்டேட்டுக்குத் தனியாகக் காசு கேட்டதில்லை. ஆனால் மேக் வேண்டும். 2002-ல் லாஜிக்கை உருவாக்கிய எமேஜிக் கம்பெனியை வாங்கிய கையோடு ஆப்பிள் அதன் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. க்யூபேஸ் ப்ரோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அப்டேட் கட்டணம். 12 வந்தது 2022 மார்ச்சில், 13 வந்தது 2023 நவம்பரில், 14 வந்தது 2024 நவம்பரில், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (நான் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, ஒன்று விட்டு ஒன்று.) உரிமத்துக்காக எப்போதும் சொருகியே வைக்க வேண்டிய அந்த யு.எஸ்.பி. டாங்கிள் தொல்லை மட்டும் 12-ஓடு ஒழிந்தது. கூடவே வரும் ஒலிகளைப் பார்த்தால் லாஜிக் ஒரு படி மேலே. கையில் ஒலி லைப்ரரி எதுவும் இல்லாமல் ஆரம்பிப்பவருக்கு அதுவே ஒரு வருடம் தாங்கும்.

சரி, பிறகு ஏன் மாறினேன்? எடிட் மாறும். அவ்வளவுதான் காரணம்.

"பிக்சர் லாக் ஆயிடுச்சு ப்ரோ", அதாவது இனி எடிட் மாறாது, என்று எடிட்டர் சொல்வதை நம்பி வேலையை ஆரம்பிக்கிறோம், ஃபைனல் மிக்ஸுக்கு முந்தின வாரம் "சின்ன ட்ரிம்தான்" என்று புது ஃபைல் வருகிறது. இது யாருடைய குற்றமும் இல்லை, தொழிலே அப்படி. ஆனால் அந்தச் சின்ன ட்ரிம்முக்கு நமக்குப் பத்து நிமிடம் ஆகிறதா, ஒரு ராத்திரி ஆகிறதா என்பதுதான் பின்னணி இசைக்காரனுக்கு மென்பொருளில் இருக்கும் ஒரே உண்மையான வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

ஒரு உதாரணத்தைக் கணக்கோடு பார்க்கலாம். பஸ் ஸ்டாண்ட் காட்சி, கூட்டத்தில் தங்கை இறங்குவதை அண்ணன் பார்க்கிறான், அந்தப் பார்வையில் ஸ்ட்ரிங்ஸ் ஏறி நிற்க வேண்டும். படம் விநாடிக்கு 24 ஃப்ரேம், டெம்போ 96, அதாவது நிமிடத்துக்கு 96 பீட். அப்படியென்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம், நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 60. (கம்ப்யூட்டருக்கு முந்தைய ஹாலிவுட்டில் டெம்போவையே இப்படித்தான் சொன்னார்கள், இது அவர்களுக்கு "பதினைந்து ஃப்ரேம் க்ளிக்".) 18-வது பாரின் முதல் பீட்டில் பார்வை விழுகிறது, அதாவது க்யூ (இந்தக் காட்சிக்கான இசைத்துண்டு) தொடங்கி 1020-வது ஃப்ரேமில். இப்போது எடிட்டர் நடுவில் ஒரு ஷாட்டிலிருந்து 56 ஃப்ரேமை எடுத்துவிட்டார். மீதி 964. நான் ஒரு பாரை வெட்டினால் 60 ஃப்ரேம் போய்விடும், மிஞ்சுவது 960, நாலு ஃப்ரேம் குறைகிறது. நாலு ஃப்ரேம் என்றால் விநாடியில் ஆறில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், திரையில் பார்த்தால் அண்ணன் பார்ப்பதற்கு முன்னால் வயலின் பார்த்துவிடுகிறது.

தீர்வு, பார்வைக்கு முன்னால் மிஞ்சுகிற 16 பாரிலும் டெம்போவைக் கொஞ்சம் இறக்குவது: 96-க்குப் பதில் 95.6. யார் காதுக்கும் தெரியாது. எந்த பாரை வெட்டுவது என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது, அது நம் வேலை. நான் பெரும்பாலும் புல்லாங்குழல் நுழைவதற்கு முன்னால் திரும்ப வருகிற பாரில் கை வைப்பேன். மற்றதையெல்லாம் க்யூபேஸ் செய்துவிடுகிறது. அந்த பாரைத் தேர்ந்தெடுத்து 'டெலீட் டைம்' கொடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'டைம் வார்ப்' கருவியை எடுத்து, ஒரு பார் போனதால் 18-லிருந்து 17-ஆகிவிட்ட பார் கோட்டைப் பிடித்து, புதுப் படத்தில் பார்வை விழும் ஃப்ரேமுக்கு இழுத்து விட வேண்டும். 95.6 என்ற எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். நான் கால்குலேட்டரைத் தொடுவதில்லை, மேலே போட்ட கணக்கு உங்களுக்காக.

இதில் எனக்கு அதிகம் பிடித்தது மார்க்கர் ட்ராக். க்யூபேஸ் ப்ரோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மார்க்கர் ட்ராக்குகளை ஒரே நேரத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்க்கலாம். பழைய எடிட்டின் குறிகள் ஒன்றில், புது எடிட்டின் குறிகள் அடுத்ததில், இயக்குநர் சொன்ன குறிப்புகள் மூன்றாவதில். எங்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ட்ராக்கை லீனியர் நேரத்தில் (பார் கணக்கில் இல்லாமல், கடிகாரக் கணக்கில்) வைத்துவிட்டால் டெம்போவை என்ன செய்தாலும் குறி படத்தோடேயே நிற்கும். எடிட்டர்கள் என்ன மாற்றினோம் என்று பட்டியல் தருவது அபூர்வம், ஆகவே இது எனக்கு வசதி என்பதைவிடப் பிழைப்பு.

லாஜிக்கில் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பீட்டுகளை வேண்டிய இடத்தோடு பொருத்துகிற பீட் மேப்பிங் இருக்கிறது, ரீஜனையும் (ட்ராக்கில் இருக்கும் இசைத் துண்டு) மார்க்கரையும் டைம்கோடில் (படத்தின் மணி-நிமிடம்-விநாடி-ஃப்ரேம் எண்) பூட்டி வைக்கலாம், காட்சி வெட்டுகளைத் தானே கண்டுபிடித்துக் குறி வைக்கும் வசதியும் உண்டு. டெம்போ செட்டுகள் நல்ல யோசனை. மூன்றாம் எடிட்டுக்கு ஒன்று, நாலாம் எடிட்டுக்கு ஒன்று என்று ஒரே ப்ராஜெக்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்க்கர் செட்டுகளில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும், எனக்கு வேண்டியதோ இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. வருடத்துக்கு ஒரு குறும்படம் செய்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

க்யூபேஸைத் திட்டவும் விஷயம் உண்டு. மெனுக்குள் மெனு, முதல் மாதம் எரிச்சல்தான் வரும். வீடியோ ஃபைலில் சில கோடெக்குகளை (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) திறக்காது, எனவே எடிட்டரிடம் எச்.264-ஆகவே கேட்டு வாங்குங்கள், டைம்கோடைப் படத்தின் மேலேயே ஓடவிடச் சொல்லுங்கள்.

டிவி பற்றி என் அனுபவம் குறைவு, சீரியலுக்கு டைட்டில் இசை மட்டும் செய்திருக்கிறேன். தினசரித் தொடரில் நான் பார்த்தவரை, முதலிலேயே சோகம், சூழ்ச்சி, அதிர்ச்சி என்று துண்டுகளைச் செய்து கொடுத்துவிடுகிறோம், எபிசோடில் அவற்றை ஒட்டுவது வேறு ஒருவர். அங்கே எடிட் மாறுவது நம் தலைவலியே இல்லை, லாஜிக் தாராளமாகப் போதும். ஃப்ரேம் மட்டும் 25 என்பதை மறக்காதீர்கள், அங்கே 15 ஃப்ரேம் பீட் வேண்டுமென்றால் டெம்போ 100.

கேமுக்கு இன்னும் குறைவு, ஒரே ஒரு சின்ன மொபைல் கேம். அங்கே பிரச்சினையே வேறு: விளையாடுபவர் ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் லூப்பாக, அடுக்கு அடுக்காகச் செய்து தர வேண்டும். அமைதிக்கு ஒரு அடுக்கு, எதிரி வந்தால் அதன் மேல் தாளம், இன்னும் நெருங்கினால் பித்தளை வாத்தியங்கள். எது எப்போது ஒலிக்கும் என்பதை எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. 1991-லேயே லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனி ஐம்யூஸ் என்ற பெயரில் இதைச் செய்துவிட்டது. க்யூபேஸில் ஒவ்வொரு லூப்புக்கும் ஒரு சைக்கிள் மார்க்கர் (தொடக்கமும் முடிவும் கொண்ட குறி) வைத்தால் எல்லாவற்றையும் தனித்தனி ஃபைலாக, பெயரோடு ஒரே தடவையில் எக்ஸ்போர்ட் செய்யலாம். லாஜிக்கில் தொடக்க, முடிவு லொகேட்டரை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக பௌன்ஸ் (எக்ஸ்போர்ட்) செய்துகொண்டிருந்தேன். ஆனால் கேம் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 60 டாலர் ரீப்பர் மென்பொருளைப் பாருங்கள், இதே வேலையை அதுவும் நன்றாகச் செய்யும், அந்தத் துறையில் அதை விரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

வாங்குவதற்கு முன்னால் லாஜிக்கை இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், க்யூபேஸுக்கும் சோதனைப் பதிப்பு உண்டு. இரண்டு நிமிடக் காட்சி ஒன்றுக்கு இசை போட்டு முடித்துவிட்டு, எடிட்டர் நண்பர் ஒருவரிடம் உங்களுக்குச் சொல்லாமல் நடுவில் ஐம்பது அறுபது ஃப்ரேமை வெட்டித் தரச் சொல்லுங்கள். எதில் சீக்கிரம் சரி செய்கிறீர்களோ அதை வாங்குங்கள்.