ஏர் சஸ்பென்ஷன் வண்டியோடு 6 வருடம், 78,000 கிலோமீட்டர்

ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால், ஆடியில் பேரம் முடித்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் சாவி வாங்கினேன். ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யுவி, ஜெர்மன் வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம்; கீழே கொஞ்சம் புலம்பல் வருகிறது. அதே மாடல் சாதாரண காயில் ஸ்பிரிங்கிலும் கிடைத்தது. இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப்பை வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டும், 6 லட்சம் கூடுதல். “பஞ்சு மேல போற மாதிரி இருக்கும் சார்” என்றார் ஷோரூம் பையன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு கொடுத்தேன்.

முதல் நாலு மாதம் பஞ்சையும் காணோம், ஒன்றையும் காணோம். சேலம் நெடுஞ்சாலையில் அலை அலையாக ஏறி இறங்கும் இடத்தில் வண்டி மிதக்கும், அது உண்மை. ஆனால் கோவைக்குள் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி அரைகுறையாக மூடிய வெட்டில் இறங்கினால், ஸ்டீயரிங் வரைக்கும் ‘டக்’ என்று அடிக்கும். தப்பு காற்றில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. மேல் வேரியன்ட்டோடு 21 இன்ச் அலாயும் சேர்ந்தே வந்தது. அதில் டயரின் பக்கச்சுவர் கையகலம்தான். நீளமான மேடு பள்ளத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். கத்தி மாதிரி விளிம்பு வைத்த பள்ளத்தை முதலில் வாங்க வேண்டியது டயர். ஐந்தாவது மாதம் ஒரு டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. கோபத்தில் நாலையும் 19 இன்ச்சுக்கு மாற்றினேன். அன்றைக்குத்தான் ஷோரூம் பையன் சொன்ன பஞ்சு வந்து சேர்ந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் மச்சான் அதே மாடலை காயில் ஸ்பிரிங்கில், அடாப்டிவ் டாம்பரோடு (ரோட்டுக்கேற்பத் தானாக மாறும் ஷாக் அப்சார்பர்), 19 இன்ச்சில் வைத்திருக்கிறான். ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஊருக்குள் ஓட்டினால் அவன் வண்டிக்கும் என் வண்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ரோட்டைப் பார்த்து நொடிக்கு நொடி இறுக்குவதும் தளர்த்துவதும் ஷாக் அப்சார்பரின் வேலை. காற்றுப்பை வெறும் ஸ்பிரிங்தான். ரெண்டையும் ஒரே பெயரில் சேர்த்து விற்பதால் நமக்குக் குழப்பம்.

சரி, அப்படியானால் காற்று எதற்கு? வால்பாறை போனபோதுதான் தெரிந்தது. ஏழு பேர், டிக்கி நிறையப் பை, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. மச்சான் வண்டி பின்னால் தாழ்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. எடை ஏற ஏற வண்டி தாழும், ஆட்டமும் நிதானமாகி நீளும். காற்றில் அப்படியில்லை. எடை ஏறினால் கம்ப்ரசர் பைக்குள் அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும். ரெண்டு பேர் போனாலும் ஏழு பேர் போனாலும் வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடும். ஆம்னி பஸ்களில் ‘ஏர் சஸ்பென்ஷன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது சும்மா இல்லை. காலியாகவும் ஓடும், நிரம்பியும் ஓடும் வண்டிக்குத்தான் அது ஏற்றது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரெண்டு மூட்டை அரிசி, முப்பது தேங்காய் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஏற்றி முடித்து ஸ்டார்ட் பண்ணினால் அடியில் ‘உர்ர்’ என்று கம்ப்ரசர் சத்தம், அப்புறம் மாடு எழுந்திருக்கிற மாதிரி பின்பக்கம் முதலில் எழும்பும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்காது.

ஸ்பீட் பிரேக்கர் இன்னொரு காரணம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் ஊர்ப் பாதையில் இருப்பது வரப்பு. பட்டனைத் தட்டினால் வண்டி 4 செ.மீ. ஏறும், அடி தட்டாது. ஏற்றி வைத்தே ஓட்டாதீர்கள், அந்த உயரத்தில் தூக்கிப் போடும். அம்மாவுக்கு முட்டி வலி. கோயில் வாசலில் நின்றால் “கொஞ்சம் தாழ்த்து கண்ணு” என்பார். தாழ்த்தினால் ஒரே எட்டில் இறங்கிவிடுவார்.

இப்போது புலம்பல். வாரண்டி முடிந்து ஒரு வருடம் கழித்து, மார்கழிக் காலை ஒன்றில் பார்த்தால் முன்னிடது மூலை மட்டும் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் எழுந்துகொண்டது. எழுந்துகொண்டதே என்று ரெண்டு மாதம் விட்டேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பை கசிந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். அதிக நேரம் ஓட அதைச் செய்யவில்லை, சூடேறிப் போய்விடும். போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் முன்பக்கம் ரெண்டும் புதுசு, கம்ப்ரசரும் புதுசு என்று 4.6 லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டார்கள். சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெக்கானிக் வண்டியை உயர்த்தி, சோப்புத் தண்ணீரை பிரஷில் தொட்டு ரப்பர் மடிப்பில் தடவினார். மடிப்புக்குள் குமிழி குமிழியாக வந்தது. “ரப்பர்தானுங்ணா, மடங்கி மடங்கி வெடிச்சுருச்சு. சோத்தாங்கைப் பக்கம் இன்னும் தாங்கும்” என்றார். இடது பக்கம் மட்டும் வெளி மார்க்கெட் யூனிட், புது கம்ப்ரசர், அதோடு கம்ப்ரசரை ஓடவும் நிற்கவும் வைக்கும் சுவிட்சான ரிலே; மொத்தம் 1.45 லட்சம் ஆனது. ரிலேயை விட்டுவிடாதீர்கள். பழையது ஒட்டிக்கொண்டால் புது கம்ப்ரசரும் நிற்காமல் ஓடி எரியும்.

இந்தப் புலம்பல் புதுசும் இல்லை. காடிலாக் எல்டொராடோ புரூம் 1957-லேயே காற்றுப்பையோடு வந்தது. கசிவு தாங்காமல் பல பேர் காயில் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள். 1992-ல் ரேஞ்ச் ரோவர் எல்எஸ்இ-யில் வந்த பிறகு எஸ்யுவிக்காரர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

அதனால் யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, எத்தனை பேர் உட்காருவீர்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதைத்தான். மலை, ஏழு பேர், வீட்டில் பெரியவர்கள், வாரண்டிக்குள் விற்றுவிடும் பழக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆபீஸுக்கு ஒற்றை ஆளாகப் போய்வருபவருக்கு மச்சான் வண்டியே போதும். ஏழெட்டு வருடம் ஓடிய செகண்ட் ஹாண்டில் இது இருந்தால், முதல் நாள் ராத்திரி சமதரையில் நிறுத்தச் சொல்லி, எந்த மூலையாவது உட்கார்ந்திருக்கிறதா என்று காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் போய்ப் பாருங்கள். பஞ்சர் கடையில் ஜாக்கி மோடு (வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்வதை நிறுத்தி வைக்கும் செட்டிங்) போடாமல் தூக்க விடாதீர்கள்.

அடுத்த வண்டி காயில் ஸ்பிரிங்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். “அது தாழுமா?” என்றார் அம்மா. பேச்சு அங்கேயே நிற்கிறது. அதுவரைக்கும் தினம் காலையில் வலது முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்கிறேன். இன்றைக்கும் நாலு விரல் போனது.