கெய்ரோவில் வீகன் சாப்பாடு: புது கஃபேயா, பழைய ஸியாமியா?

கெய்ரோவுக்கு வந்த முதல் ஆறு மாதம் வீகன் கஃபேக்களையும் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுகளையும் நம்பித்தான் இருந்தேன். வீகன் என்றால் இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை, தேன் என்று விலங்கிலிருந்து வருவது எதுவுமே கூடாது. ஸமாலெக், மாதி பேட்டைகள் பக்கம் போனால் பாதாம் பால் காபி, சோயா பர்கர், முந்திரி சீஸ் எல்லாம் கிடைக்கும். அப்புறம் உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டேன். வேலைக்காக இங்கே வரும் வீகன்கள் எதை நம்பலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன். என் சாய்வு உள்ளூர்ப் பக்கம்தான்.

விலையைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். இறக்குமதிப் பால் டாலர் ஏறினால் ஏறும். 2024 மார்ச்சில் ஒரே நாளில் டாலர் சுமார் 31 எகிப்திய பவுண்டிலிருந்து 50 பவுண்டுக்குப் போனதே, அந்த மாதிரி. ஃபூலுக்கு, அதாவது இங்கே காலையில் சாப்பிடும் ஃபாவா பயறு மசியலுக்கு, போடும் பயறும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதுதான், அதுவும் ஏறத்தான் செய்தது. ஆனாலும் ஒரு லாட்டே காசில் இரண்டு நாள் காலைப் பசி அடங்கும். ருசி அவரவர் நாக்கு.

என்னை மாற்றியது வேறு விஷயம்: கண்ணுக்குத் தெரியாத நெய்யும் கோழித் தண்ணீரும்.

வந்த புதிதில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் மொலோகியா வாங்கினேன். சணல் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, வழவழவென்று குழம்பாக வைப்பார்கள். "நான் நபாத்தி, இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டேன். நபாத்தி என்றால் சைவம். கடைக்காரர் மனதாரச் சிரித்து "இல்லவே இல்லை" என்றார். பாதி சாப்பிட்ட பிறகுதான் அது கோழி வேகவைத்த தண்ணீரில் வைத்தது என்று தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. துண்டு இல்லை என்றால் இறைச்சி இல்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு. இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைக்கும் முட்டைக்கோஸ் மஹ்ஷியும் இப்படித்தான், உள்ளே வெறும் சோறும் கீரையும் இருக்கும், வேகவைத்த தண்ணீர் மட்டும் கோழித் தண்ணீராக இருக்கும்.

இந்தச் சிக்கலை ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தது எதிர் வீட்டு அம்மா. காப்டிக் கிறிஸ்தவர், அதாவது எகிப்தின் பழைய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், நான் தாந்த் என்று கூப்பிடுவேன், வயதில் பெரிய பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பது. "நபாத்தி என்று கேட்காதே, ஸியாமியா என்று கேள்" என்றார். ஸியாமி என்றால் விரதச் சாப்பாடு. காப்டிக் நாள்காட்டியில் வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் விரதம். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம் மட்டுமே 55 நாள், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் 43 நாள், ஆகஸ்டில் மரியாள் விரதம் 15 நாள், போதாததற்கு வருஷத்தில் பெரும்பாலான புதன், வெள்ளி. இந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கூடாது. இத்தனை நூற்றாண்டாக நடப்பதால் முஸ்லிம் கடைக்காரருக்கும் ஸியாமி என்றால் நெய் கூடாது, கோழித் தண்ணீர் கூடாது என்று தெரியும். விளக்கவே வேண்டாம். கஃபே மெனுவில் வீகன் முத்திரை இருக்கும், சரி. அந்த முத்திரை நான்கைந்து பேட்டைகளோடு நின்றுவிடுகிறது. ஸியாமி என்ற சொல் ஷுப்ரா மாதிரி சாதாரண மக்கள் பேட்டையிலும் செல்லும், பேக்கரியிலும் செல்லும்.

தாந்த் வீட்டு அடுப்பில் அதே மொலோகியாவை வெறும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். தனியாக எண்ணெயில் பூண்டும் கொத்தமல்லி விதைப் பொடியும் சிவக்க வதக்கி, சட்டியில் கொட்டும் நொடியில் "ஹா!" என்று சத்தமாக மூச்சை இழுத்தார். அந்த மூச்சு இல்லாவிட்டால் மொலோகியா சரியாக வராதாம். கோழி இல்லாத குறையே தெரியவில்லை, பூண்டு மணம்தான் முன்னால் நின்றது.

ஸியாமியிலும் இரண்டு ஓட்டை உண்டு. கிறிஸ்துமஸ் விரதத்திலும் அப்போஸ்தலர் விரதத்திலும் மீன் அனுமதி, அதனால் ஸியாமி மெனுவில் மீன் இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். தேனுக்கும் தடை இல்லை. தேன் வேண்டாதவர்களுக்கு அஸல் இஸ்வித் இருக்கிறது. பெயர் "கருந்தேன்" என்றாலும் அது கரும்புப் பாகு. தஹினா என்ற எள் விழுதோடு கலந்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டால் அந்தக் காலை முழுக்கப் பசிக்காது.

தினசரிக்கு எனக்கு ஃபூல் வண்டிதான். ஃபாவா பயறு ராத்திரி முழுக்க, கழுத்துக் குறுகிய பெரிய குடத்தில் மெல்ல வெந்து கிடக்கும். விடியற்காலையில் நீளக் கரண்டியை உள்ளே விட்டு அள்ளி, கிண்ணத்தில் மசித்து, சீரகம், உப்பு, எலுமிச்சை போட்டுவிட்டு, கை பாட்டில் பக்கம் போகும்போதே கேட்பார்: "ஜெய்த் வல்லா சம்னா?" எண்ணெயா நெய்யா? ஜெய்த் என்று சொன்னால் போதும். நான் ஜெய்த் ஹார் கேட்பேன், ஆளிவிதை எண்ணெய், லேசாகக் கசக்கும். பக்கத்திலேயே தாமெய்யா பொரியும். கொண்டைக்கடலையில் செய்யும் ஃபலாஃபெல் இல்லை இது, ஃபாவா பருப்பும் கீரைகளும் அரைத்தது, பிட்டால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும். குஷரியும் பெரும்பாலும் பாதுகாப்பானது: சோறு, மசூர், மக்ரோனி, தக்காளிச் சாறு, மேலே வறுத்த வெங்காயம். சேமியா சேர்த்த சோறு என்றால் மட்டும் நெய்யில் வறுத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கஃபேக்கும் பாக்கெட்டுக்கும் உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். அரபி ஒரு வார்த்தையும் வராத முதல் வாரத்தில் அவைதான் என்னைக் காப்பாற்றின. வைட்டமின் பி12 சேர்த்த சோயா பால் உண்மையிலேயே உதவும். ஃபூலில் பி12 கிடையாது, நான் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு என்சைம் குறை) உள்ளவர்கள் ஃபூலையும் தாமெய்யாவையும் தொடவே கூடாது, ஃபாவா பயறு அவர்கள் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் என் பக்கம் பாதி காலி.

நான் சாப்பிட்டது கெய்ரோவிலும் கொஞ்சம் அலெக்ஸாண்டிரியாவிலும்தான், தெற்கே கிராமங்களில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தேதி உங்கள் கையில் இருந்தால் ஈஸ்டருக்கு முந்தைய விரத வாரங்களில் வாருங்கள். மீனும் கிடையாது, இனிப்புக் கடைகளும் ஸியாமி என்று எழுதித் தனித் தட்டு வைத்திருக்கும்.