ஏப்ரல் மாதத்தில் ‘டெவில்ஸ் பூல்’ விற்பவர்களிடம் எச்சரிக்கை

சென்ற ஆண்டு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நானும் மனைவியும் மகனும் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகருக்குச் சென்றிருந்தோம். விக்டோரியா அருவியின் விளிம்பிலேயே அமைந்திருக்கும் டெவில்ஸ் பூல் என்ற பாறைக்குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்பது மகனின் நெடுநாள் ஆசை. அதற்கு முன்கூட்டியே பணம் கட்டி ஏமாந்தோம்.

இணையத்தில் விளம்பரம் செய்திருந்த முகவர் ஒருவருக்கு, ஆளுக்கு 130 டாலர் வீதம் 390 டாலரை, அவர் கேட்டபடி ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் செலுத்தினோம். (அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.) ஏப்ரலில் குளத்துக்குப் போக முடியுமா என்று மகன் வாட்ஸ்அப்பில் இருமுறை கேட்டான், இருமுறையும், “மழைக்காலம் முடிந்துவிடும், கவலை வேண்டாம்” என்றே பதில் வந்தது.

மழைக்காலம் முடிந்திருந்தது உண்மைதான். ஆனால் லிவிங்ஸ்டனில் வானம் வெளுத்த பிறகும், ஜாம்பெசி ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழைநீர் பரோட்சே வெள்ளச் சமவெளியில் பரவித் தேங்கி மெல்ல இறங்கி வருவதால், அருவியில் வெள்ளம் உச்சத்தை எட்டுவது ஏறத்தாழ ஏப்ரலில்தான். டெவில்ஸ் பூல் பொதுவாக ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை, அதுவும் நீர்மட்டம் இடங்கொடுத்தால் மட்டுமே, திறந்திருக்கும். அந்த ஊரில் தொழில் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

நாங்கள் போனபோது 1,708 மீட்டர் அகல அருவியில் ஒரு பாறைகூடக் கண்ணில் படவில்லை. நைஃப் எட்ஜ் பாலத்தில் நின்றால் எதிரே வெண்புகைதான். வாடகைக்கு எடுத்த மழைக்கோட்டின் கழுத்துப் பட்டை வழியாகத் தண்ணீர் முதுகில் இறங்கியது. காட்சி பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்தது அதற்கல்ல.

முகவர் முதல் நாள், “நாளைக்கு” என்றார். மறுநாள் படகு பழுது என்றார். மூன்றாம் நாள், ரசீதின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் இருந்த “நீர்மட்டத்தைப் பொறுத்து நிகழ்ச்சி மாற்றப்படலாம்” என்ற வரியைக் காட்டி, மாலை நேரப் படகுச் சவாரியை ஈடாகத் தருவதாகச் சொன்னார். அதற்கு ஏற்கெனவே விடுதியில் கட்டணம் செலுத்தியிருந்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

குளத்துக்குப் போக விரும்புவோர், குளத்தை ஒட்டியுள்ள லிவிங்ஸ்டன் தீவுக்கு ஆட்களை அழைத்துச் செல்வோரிடமே நேரடியாக மாதத்தைச் சொல்லி விசாரியுங்கள். ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் மிதவைச் சவாரி) போவதானாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். வெள்ளம் மிகுந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, முகவர் அனுப்பியிருந்த படத்தை மகன் பெரிதாக்கிப் பார்த்தான். குளிப்பவர்களுக்குப் பின்னால் காய்ந்த கரும்பாறையும், ஓரத்தில் நூல்போல ஒழுகும் நீரும் தெரிந்தன. அருவி வற்றிக் கிடக்கும் அக்டோபர், நவம்பர் வாக்கில் எடுத்ததாக இருக்க வேண்டும். கடந்த வாரம் அதே படத்தைப் போட்டு, மே மாதத்துக்கு முன்பதிவு நடப்பதாக அவர் விளம்பரம் செய்திருக்கிறார்.