நவதிருப்பதி ஒருநாள் வேன் பேக்கேஜ்: உறங்காப்புளிக்கு இவர்கள் ஒதுக்கும் நேரம் பத்து நிமிஷம்

தாமிரபரணிக் கரையின் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிக்குத் திருநெல்வேலியில் இருந்து கிளம்பும் வேன் பேக்கேஜ் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது கோயிலிலும் தலையைக் காட்டிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பினால் போதும் என்றால் தாராளமாகப் போங்கள். ஆழ்வார்திருநகரியின் உறங்காப்புளி என்கிற புளியமரத்தை மனசில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். ஐந்துக்கு இரண்டு ஸ்டார் கொடுப்பேன், அதில் ஒன்று டிரைவர் அண்ணனுக்கு.

நடத்துபவர் பெயரைப் போடவில்லை. வண்டி நன்றாகவே இருந்தது, ஏசி வேலை செய்தது, வயசானவர்கள் ஏறி இறங்கும்வரை டிரைவர் பொறுமையாக நின்றார், ஹாரனே அடிக்கவில்லை. குறை எல்லாம் வழித்தடத்திலும் வழிகாட்டியிடமும்தான்.

காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் ஆரம்பித்து நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி என்று தாமிரபரணியின் வடகரையை முடித்துவிட்டு, கடைசியில் ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு வந்து, நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆழ்வார்திருநகரியில் இறக்கிவிடுகிறார்கள். திருக்கோளூரும் தென்திருப்பேரையும் சாயங்காலத்துக்கு. நடுவில் மத்தியானம் முழுக்க ஒரு மண்டபத்தில் சாப்பாடு, தூக்கம், செல்போன். அந்த வெட்டி நேரத்தில் பாதியை ஆழ்வார்திருநகரிக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், "மத்தியானம் நடை சாத்திருவாங்கல்லா சார்" என்று எனக்கே பாடம் எடுத்தார் வழிகாட்டி. அதனால்தான் ஐயா அங்கே முதலில் போகச் சொல்கிறேன்.

வழிகாட்டியின் பேச்சு முழுக்கக் கிரகம். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், பெருங்குளம் சனி, ஆழ்வார்திருநகரி குரு. எந்தக் கோயிலில் எத்தனை விளக்கு போட்டால் எந்த தோஷம் போகும் என்று மனப்பாடமாக வருகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் செய்யட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இந்த ஒன்பது ஊரையும் இணைத்துக் கட்டுவது பெருமாளைப் பாடிய நம்மாழ்வாரின் பாசுரம், அவர் கிரகப் பெயர்ச்சிக்கு அட்டவணை போட்டுக்கொண்டு பாடவில்லை. வேனில் இருந்த காலேஜ் பையன் ஒருவன் "அப்போ மரம் எந்த கிரகம்?" என்று கேட்டான். "அதுவும் குருதான் தம்பி." சரி.

இப்போது மரத்துக்கு வருகிறேன். ஆதிநாதர் கோயிலுக்குள் பிராகாரத்தில், படி ஏறிப் போகிற மாதிரி உயரமான கல்மேடை. அதன்மேல் நிற்கிறது. சுற்றிலும் ஆழ்வார்கள் பாடிய கோயில்களான திவ்யதேசங்களின் பெருமாள்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடிமரம் ஒரே தூணாக இல்லாமல் முறுக்கிக்கொண்டு பிளந்து, பொந்தும் முடிச்சுமாக, எது மரம் எது வேர் என்று தெரியாதபடி கிடக்கிறது. மேலே அண்ணாந்தால் சின்னச் சின்ன இலை, தளதளவென்று பச்சை. அடியைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மரத்துடையது என்று நம்ப முடியாது.

திருக்குருகூர் என்பது ஊரின் பழைய பெயர். நம்மாழ்வார் இங்கே காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை. பிறந்ததும் அழவில்லை, பால் குடிக்கவில்லை. பெற்றவர்கள் ஆதிநாதர் சந்நிதியில் கொண்டுவந்து விட, அது தவழ்ந்துபோய் இந்தப் புளியமரப் பொந்தில் உட்கார்ந்துகொண்டது, 16 வருஷம் வாய் திறக்கவில்லை என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்வது. வடக்கே அயோத்திப் பக்கம் போயிருந்த மதுரகவி ஆழ்வார் தென்திசையில் ஒரு ஒளியைப் பார்த்து அதைப் பின்தொடர்ந்து வந்து, இந்த மரத்தடியில் நின்று கேட்ட கேள்வி: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" பொந்துக்குள் இருந்து வந்த பதில்: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." உயிரில்லாத உடம்புக்குள் அணுப்போல ஓர் உயிர் வந்தால் அந்த உடம்பின் சுகதுக்கத்தையே அனுபவித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும் என்பது பொருள். வயசில் மூத்தவரான மதுரகவி அந்த இடத்திலேயே பிள்ளையைக் குருவாக ஏற்றுக்கொண்டார். நம்மாழ்வார் பாடிய, 1102 பாசுரம் கொண்ட திருவாய்மொழி நமக்கு வந்த கதை இந்த மரத்தடியில்தான் தொடங்குகிறது.

மரத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. ராமன் காலனோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் காவல் நின்ற லட்சுமணன், துர்வாசரின் கோபத்துக்குப் பயந்து அவரை உள்ளே விட்டுவிட்டான். அதற்கு ராமன் நீ அசையாத மரமாகக் கடவாய் என்று சொல்ல, தம்பி புளியமரமானான், அண்ணன் ஆழ்வாராக வந்து அவன் மடியிலேயே உட்கார்ந்தான் என்கிறது தலபுராணம். ஆதிசேஷனின் அம்சம் இந்த மரம் என்பதும் அதனால்தான். காட்டில் 14 வருஷம் கண் மூடாத லட்சுமணன் மரமானாலும் தூங்குவானா? ஊரில் மற்ற புளியமரம் எல்லாம் பொழுது சாய்ந்ததும் இலையை ஜோடி ஜோடியாக மடித்துக்கொள்ளும், இது மடிக்காது, அதனால் உறங்காப்புளி. பூக்கும், காய்க்கும், பழுக்காது என்றும் சொல்கிறார்கள். நான் பார்த்தது உச்சிவெயிலில், அதனால் சாட்சி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தூங்காத மரத்தைப் பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற ஒரே சுற்றுலா இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. புளியமரத்தடியில் ராத்திரி படுக்காதே, முனி அடிக்கும் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அரசு, ஆல், வில்வம் என்றால் பார்த்ததும் கும்பிடுகிற நாம், புளியைக் கண்டால் ஒரு எட்டு தள்ளித்தான் நடப்போம். அந்த மரத்தில் போய் உட்கார்ந்துதான் வேளாளர் குலத்துப் பிள்ளை ஒன்று வேதத்தைத் தமிழ் செய்தது. பிற்பாடு பிராமண ஆசாரியர்கள் அத்தனை பேரும் அந்தப் பிள்ளையைக் குலபதி என்று கொண்டாடினார்கள். இதில் ஒரு வரிகூட வழிகாட்டி வாயில் வரவில்லை.

பத்து நிமிஷக் கதை இதுதான். எங்கள் வேனில் ஸ்ரீரங்கத்தில் இருந்து வந்த மாமி ஒருவர், மேடை அருகே நின்று கண்ணிநுண் சிறுத்தாம்பு சேவிக்க ஆரம்பித்தார். மதுரகவி தன் ஆசாரியனைப் பற்றிப் பாடிய 11 பாசுரம், நிதானமாகச் சொன்னாலும் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். மறைந்துபோன நாலாயிரத்தை, அதாவது ஆழ்வார்களின் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடி வந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகள், இதே மரத்தின் முன் உட்கார்ந்து இந்த 11 பாசுரத்தை 12,000 முறை சொன்ன பிறகே நாலாயிரமும் அவருக்குக் கிடைத்தது என்பது குருபரம்பரைக் கதை. மாமி நாலாவது பாசுரத்தில் இருந்தபோது வழிகாட்டி கையைத் தட்டி, "அம்மா, வண்டி கிளம்புது, மிச்சத்தை வண்டில வச்சு சொல்லிக்கிடலாம்" என்றார். மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொன்றையும் முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் என்ன டீ குடிச்சிண்டா இருந்தேன்?" என்று கேட்டார் பாருங்கள், வேனே சிரித்தது. வழிகாட்டி அப்புறம் திருக்கோளூர் வரைக்கும் கிரகம் பேசவில்லை. அந்த வகையில் லாபம்.

சாப்பாடு சுமார். சாம்பார் தண்ணீர், பாயசம் பரவாயில்லை.

மரத்துக்காகவே போகிறவர்கள் பேக்கேஜை விட்டுவிடுங்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் பாசஞ்சர் ரயில் ஆழ்வார்திருநகரியிலேயே நிற்கும், திருச்செந்தூர் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகிறது. சாயங்காலம் நடை திறந்த பிறகு போய், இருட்டும்வரை உள்ளேயே இருங்கள். வருகிற வழியில் ரோட்டோரப் புளியமரம் ஒன்றின் இலையையும் ஒரு தடவை பார்த்துவைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. இன்னும் நேரம் இருந்தால் மதுரகவியின் ஊரான திருக்கோளூர் பக்கத்தில்தான், ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம், மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் வைத்தமாநிதிப் பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாம்.

வைகாசித் திருவிழாவில் ஐந்தாம் நாள் ஒன்பது பெருமாளும் கருடன்மேல் இந்த ஊருக்கு வருவார்கள், நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிரே நிற்பார். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அன்றைக்கு மரத்தடியில் நிம்மதியாக நிற்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு ஒரு சாதாரணக் கிழமையாகப் பார்த்து, புரட்டாசிச் சனிக்கிழமையையும் தவிர்த்துவிட்டு, தனியாகக் கிளம்புங்கள்.